முப்பத்தேழு டிகிரிப் பனி

பனிக்கு வாசனை கிடையாது. துருவத்தில் ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து துளைத்தெடுத்து, உலக்கை உலக்கையாக நறுக்கி, வெள்ளிக் குழாய்களில் அடைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த பனிக்கு நிச்சயமாகக் கிடையாது. ஆனால் அன்று மதியம் அந்தத் துண்டை ரம்பத்தின் அடியில் வைத்ததும், குப்பென்று ஈரத் தலைமுடி வாடை அடித்தது அவளுக்கு.

குளிரறையில் பனியை வெட்டுவது அவள் வேலை. பக்கத்து அறையில் அதை உருக்கிக் கருவியில் ஏற்றுவது அவள் கணவன் வேலை. உருகிய நீரில் கனமான ஆக்சிஜன் எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று தெரிந்தால், அந்தப் பனி விழுந்த காலத்துக் குளிரைக் கணக்கிட்டுவிடலாம். பன்னிரண்டு வருடமாக இதுதான் குடித்தனம். “எல்லாரும் வீட்டுல சண்டை போடுவாங்க, நாம மைக்குல போடுறோம்” என்பான்.

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“ஏம்மா, முந்தின துண்டுல ஏதாவது பட்டுடுச்சா? பிளஸ் முப்பத்தேழு காட்டுது.”

“மைனஸா இருக்கும். கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க.”

“மூணு தடவை ஓட்டிட்டேன். இருபதாயிரம் வருஷத்துப் பனிம்மா இது. மனுஷ உடம்புச் சூடு எப்படி வரும்?”

சிரிக்க வாய் திறந்தவள் அப்படியே நின்றாள். ரம்பம் எப்போதோ நின்றிருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. உருகும் பனியிலிருந்து அடைபட்ட பழங்காற்று குமிழ் குமிழாக வெடித்து வெளியேறும் ஓசை அவளுக்குப் பழகியதுதான். ஆனால் குளிரறையின் மைனஸ் இருபது டிகிரியில் எதுவும் உருகாது. இது வெடிக்கவும் இல்லை. நீளமாக இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

வெட்டிய முகப்பிலிருந்து வெள்ளையாக ஆவி.

அவள் மூச்சை அடக்கினாள். ஆவி அடங்கவில்லை.

“என்னங்க... இங்க வாங்க. சீக்கிரம்.”

அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்தாள். முதுகில் கதவு முட்டியது. திரும்பினாள். கதவின் சிறிய கண்ணாடிக்கு அப்பால் அவன் முகம். ஓடி வந்திருக்கிறான். போன உயிர் திரும்பி வந்தது.

கைப்பிடியைத் தள்ளினாள். ஒரு விரற்கடை திறந்தது.

மூடிக்கொண்டது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, பின்னால், எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பிடரியில் வெதுவெதுப்பு.

“திறங்க!”

அவன் அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டே, தோளைக் கொடுத்து, இரண்டு கைகளாலும் கதவை அழுத்திப் பிடித்திருந்தான்.