நீலத்துக்கு மேல் சிவப்பு

டிக்கி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தபோது, இருக்கக் கூடாத ஒரு மேடு கையில் தட்டுப்பட்டது.

பெயிண்டருக்குக் கண்ணைவிடக் கைதான் நம்பிக்கை. வெளிச்சம் மாறினால் கண் ஏமாந்துவிடும், உள்ளங்கை ஏமாறாது. இருபது வருஷமாகக் கார்களைத் தடவியே பிழைத்தவன் அவன். தெருவில் எல்லோரும் அவனைக் 'கலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாகூடச் சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். இன்னொரு தடவை தடவினான். மேடுதான். அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று. ஓரத்தில் மூன்றாவது.

காரில் பள்ளம் விழுவது சகஜம். சுவரில் இடித்தாலும் லாரி உரசினாலும் தகரம் உள்ளேதான் போகும். இது வெளியே வந்திருந்தது.

வண்டி அத்தானுடையது, அவருடைய அப்பா காலத்து வண்டி. முட்டை மாதிரி உருண்ட முதுகும், பளபளக்கும் வளையம் போட்ட விளக்குகளுமாக, கம்பெனியிலிருந்து இறங்கும்போதே வானநீலமாக இறங்கியது. அக்கா கல்யாணமாகிப் போனது அதில்தான். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், அவள் யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்று அத்தான் வந்து வாசலில் நின்று சொன்னார். அன்றிலிருந்து இவர்கள் வீட்டில் அக்காவின் பெயரை யாரும் எடுப்பதில்லை, அண்ணன் எடுக்க விடுவதுமில்லை. வண்டியும் அத்தான் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் முடங்கிப்போனது. இப்போது அத்தானுக்கு இரண்டாவது கல்யாணம். வரப்போகிறவளுக்கு நீலம் பிடிக்காதாம், சிவப்பு வேண்டுமாம்.

"பழைய வண்டிக்கு அசல் கலர்தான் அத்தான் அழகு. மாத்தினா மதிப்பே போயிடும்" என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

"மதிப்பு போனா போகட்டும் மச்சான். நீலம் போனா போதும்" என்று சிரித்தார் அத்தான்.

காலையில் ஒரு தகரத் துண்டில் சிவப்பை அடித்துக் காட்டி அவருடைய சம்மதத்தையும் வாங்கியாகிவிட்டது. மிச்சப் பெயிண்டோடு ஸ்ப்ரே கன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு டின் வாங்கிவர அண்ணன் கடைக்குக் கிளம்பினான். கிளம்பியவன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"மேலோட்டமாத் தேய்ச்சுட்டு அடிச்சுடு. டிக்கியில பட்டி போட்டிருக்கு. அதைச் சுரண்டிக்கிட்டு இருக்காதே."

அண்ணன் டிங்கர். தகரம் அவன் வேலை, பெயிண்ட் இவன் வேலை. ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைப்பதில்லை என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அதனால்தான் அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. தெருக்கோடிக்குப் போனவன், இதையே மறுபடியும் சொல்லப் போன் செய்ததும் நின்றது.

மத்தியானம் மூன்று மணி. கூரைத் தகடு வெயிலில் விரிந்து டிக் டிக்கென்று முனகிக்கொண்டிருந்தது. தின்னர் வாடையும், நனைந்த உப்புத்தாளின் வாடையும், கம்ப்ரஸரின் எண்ணெய்ச் சூடும் கலந்து தொண்டையில் ஒரு படலமாகப் படிந்திருந்தன. பட்டறைக்குப் பின்னாலிருந்த மாடிப்படிக் கதவுக்கு அப்பால் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவன் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். தகரத்தின் பள்ளத்தை நிரப்பப் பூசிய பழைய பட்டி தடிமனாக இருந்தால் புதுப் பெயிண்ட் ஆறே மாதத்தில் வெடித்துவிடும். கெட்ட பெயர் அண்ணனுக்கு இல்லை, அவனுக்குத்தான்.

சுரண்டியை எடுத்தான்.

பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. அரை விரல் கனம். அடியில் வெறும் தகரம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது, அதில் ஏழெட்டு மேடுகள். சில முழங்கால் அளவு, சில உள்ளங்கையின் அடிப்பாகம் அளவு. ஒவ்வொரு மேட்டின் மேலும் சுத்தியல் அடிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. ஒவ்வொரு அடியின் ஓரத்திலும் நகக்கீறல்போல ஒரு சின்னப் பிறை.

அந்தப் பிறையை அவனுக்குத் தெரியும். அண்ணனுடைய சுத்தியல் முகத்தில் ஒரு மூலை உடைந்திருக்கும். அண்ணன் தட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு தகரத்திலும் அந்தப் பிறைகளைப் பட்டி வைத்து மூடுவதுதான் இத்தனை வருஷமாக அவன் வேலை. ஆனால் இந்தப் பட்டி அவன் போட்டதில்லை.

டிக்கியைத் திறந்தான்.

மூடியின் உள்பக்கம் கறுப்பு அடித்திருந்தது, பிரஷ்ஷால், அவசர அவசரமாக. அண்ணன் பிரஷ் பிடித்தால் அப்படித்தான் இருக்கும், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. துணியில் தின்னரை நனைத்துத் துடைத்தான். கறுப்பு இளகி வழிந்தது. கீழே வானநீலம் வந்தது. நீலத்தில் கோடுகள் வந்தன. நான்கு நான்காக, பக்கத்தில் பக்கத்தில், மேலிருந்து கீழே. மடிப்பின் இடுக்கில் ஏதோ வெளுப்பாக ஒட்டியிருந்தது. சுரண்டியின் முனையால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

பாதி நகம்.

அவன் உடனே எதையும் நினைக்கவில்லை. கை மட்டும் பழக்கத்தில் மூடியின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனது. எதையோ தேடியது. தேடியது இல்லை என்பது கைக்குத்தான் முதலில் புரிந்தது. தகரத்தை மேலிருந்து தட்டும்போது அடியில் ஒரு இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அதன் தடம் உள்பக்கம் வட்டமாகப் பதியும். அண்ணன் கட்டை பிடிக்காமல் ஒரு அடிகூட அடிக்க மாட்டான், அதில் அவனுக்குக் கர்வமே உண்டு. இங்கே ஒரு தடமும் இல்லை. கட்டை பிடிக்க வேண்டுமென்றால் மூடி திறந்திருக்க வேண்டும்.

மூடி மூடியிருந்தது.

மூடியிருந்த டிக்கியை, உள்ளேயிருந்து மேடு கிளம்பக் கிளம்ப, அண்ணன் வெளியே நின்று அடித்திருக்கிறான்.

அவனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன், அத்தான் வாசலில் வந்து நிற்பதற்கு முந்தின நாள். அவன் முன்பக்கம் ஒரு வெள்ளை வேனுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். வேன்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பின்பக்கம் நீல வண்டி நின்றது. அதைச் சீக்கிரம் தட்டி முடிக்க வேண்டுமென்று அண்ணன் மதியம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தான், அத்தான் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்திருந்தார். கூரையிலிருந்து துரு உதிர்ந்து ஈரப் பெயிண்டில் விழவே, இவன் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கத்தினான். "அண்ணே, கொஞ்சம் மெதுவாத் தட்டுண்ணே, என் வேலை பாழாப்போகுது!"

அன்றைக்கு இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னது, பெரியது. சின்னது, பெரியது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டான்.

எதிரொலி பின்னால்தான் வரும். அந்தச் சின்னச் சத்தம் முன்னால் வந்தது.

கடைசியில் சின்னச் சத்தம் நின்றுவிட்டது. பெரியது மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது. அதுவும் நின்றதும் அவன் வெள்ளை வேனுக்கு இரண்டாவது கோட் அடித்தான். ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்த ஞாபகம்.

வண்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தான்.

"சுரண்டாதேன்னு சொன்னேன்ல?"

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையிலும் பெயிண்ட் டின். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. டின்களைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். திரும்பி, ஷட்டரின் கொக்கியைப் பிடித்து இழுத்தான். தெரு மேலேயிருந்து கீழே சுருங்கி, ஒரு கோடாகி, இல்லாமல் போனது. ட்யூப் லைட்டின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

"அக்காண்ணே" என்றான் அவன்.

"தெரியுது."

"உள்ளே இருந்தது அக்காவா?"

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலில் கோபமே இல்லை. விடியற்காலையில் எழுப்பிவிட்டவனிடம் பேசுவதுபோல அலுப்பாகப் பேசினான்.

"வீட்டை விட்டுப் போறேன்னு நின்னாளாம். மாப்பிள்ளை கை ஓங்கிட்டாரு. நான் புத்தி சொல்லணும்னு டிக்கிக்குள்ளே போட்டு எடுத்துக்கிட்டு வந்தாரு. வாசல்ல வேன்காரர் நிக்கிறாரு. இவ தட்டறா. என்னை என்ன பண்ணச் சொல்றே? நானும் தட்டினேன். பட்டறையில தட்டினா யாரு கேக்கப் போறாங்க?"

"திறந்திருக்கலாமேண்ணே."

"திறந்தா கத்துவாளே."

கூரை டிக்கென்றது. மாடியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றிருந்தது.

"அடங்கட்டும்னுதான் அடிச்சேன்" என்றான் அண்ணன். "அடங்கிட்டா."

அவன் ஷட்டரை நோக்கி ஓடினான். ஆறு எட்டு வைக்கும் தூரம்தான் இருக்கும். நான்காவது எட்டில் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ வெடித்தது. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சத்தம், காய்ந்த மரக்கிளை முறிவதுபோல. சிமெண்டில் முகம் அடித்து விழுந்தான். வாயில் பல் துண்டுகளும் ரத்தமும். திரும்பிப் பார்த்தால், அண்ணன் சுத்தியலோடு குனிந்துகொண்டிருந்தான். நல்ல வேலைக்காரன் அடுத்த அடிக்கு இடம் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தான்.

"அசையாதேடா. அசைஞ்சா தப்பா விழும்."

அவன் கையைத் தூக்கினான். சுத்தியல் விழுந்தது. இரண்டு விரல்கள் விரல்களாக இல்லை. அலறிக்கொண்டே புரண்டான், சுவரில் மோதினான், தலைக்கு மேல் ஸ்ப்ரே கன்னின் ரப்பர் குழாய் ஆடியது. நல்ல கையால் குழாயைப் பிடித்து இழுத்தான். ஆணியிலிருந்து கன் மடியில் விழுந்தது. கம்ப்ரஸரில் காற்று நிறைய இருந்தது.

அண்ணன் முகம் ஒரு முழத் தூரத்தில் வந்தபோது விசையை அழுத்தினான்.

சிவப்பு சீறியது. திறந்த கண்ணுக்குள் நேராக. அண்ணன் ஊளையிட்டான். கையால் கண்ணைத் தேய்த்தான், தேய்க்கத் தேய்க்கத் தின்னர் உள்ளே இறங்கியது. இவன் விடவில்லை. நெற்றி, மூக்கு, அலறும் வாய், பல், நாக்கு. கப் காலியாகி வெறும் காற்று சீறும்வரை அழுத்திக்கொண்டே இருந்தான்.

பிறகு கன்னைத் தூர எறிந்தான். அது போய் வண்டிக் கதவோரம் விழுந்த சத்தம் கேட்டதும், அண்ணன் அந்தப் பக்கம் பாய்ந்து சுத்தியலை வீசினான். வண்டியின் கண்ணாடி பொடிப்பொடியானது. மறுபடியும் வீசினான். கதவு நசுங்கியது.

அண்ணனுக்குப் பார்வை இல்லை.

இவன் மூச்சை அடக்கினான். முழங்காலை இழுத்துக்கொண்டு, ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நகர்ந்தான். வலி தலைக்குள் வெள்ளையாக எரிந்தது. சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

அண்ணன் நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். முகம் முழுக்க ஈரச் சிவப்பு, இமைகள் ஒட்டிப்போயிருந்தன. தாடையிலிருந்து சொட்டியது. மண்டியிட்டுத் தவழ ஆரம்பித்தான். இடது கையால் தரையைத் தடவினான். வலது கையில் சுத்தியல்.

"தம்பி" என்றான். "எங்கேடா இருக்கே?"

தடவினான். நின்றான். கேட்டான்.

எதிர்ப் பக்கம் போனான்.

அப்போதுதான் மாடிப்படிக் கதவு திறந்தது.

அம்மா. முந்தானையில் கை துடைத்துக்கொண்டே நின்றாள். பெரிய மகனைப் பார்த்தாள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள். சுவரோரம் சுருண்டு கிடந்தவனைப் பார்த்தாள். கண்ணும் கண்ணும் சந்தித்தன. இவன் உடைந்த கையை அவளிடம் நீட்டினான். வாய் மட்டும் அசைந்தது. அம்மா. ஷட்டர். ஷட்டரைத் தூக்கு.

அம்மாவின் பார்வை அவனைத் தாண்டி, திறந்திருந்த டிக்கிக்குப் போனது. துடைத்த நீலத்தில் நின்றது. அவள் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை.

"பார்த்துட்டானா?" என்று கேட்டாள்.

"பார்த்துட்டான்" என்றான் அண்ணன், தரையைத் தடவிக்கொண்டே. "கண்ணு எரியுதும்மா. ஒண்ணும் தெரியல."

அம்மா படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கண்ணாடித் துண்டுகளை மிதிக்காமல் பார்த்து நடந்து வந்து சின்னவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். காய்ச்சல் வந்தால் வைத்துக்கொள்வாளே, அப்படி. நெற்றி முடியை ஒதுக்கினாள்.

"பெரியவன் ஜெயிலுக்குப் போயிட்டா இந்த வீடு நிக்காதுப்பா" என்றாள். அழுதாள். நிஜமாகவே அழுதாள், கண்ணீர் அவன் கன்னத்தில் சுடச்சுட விழுந்தது.

சோப்பு வாடை அடிக்கும் ஈரக் கை அவன் வாய் மேல் வந்து அமர்ந்தது. அழுத்தியது. இன்னொரு கை அவன் நல்ல கையைப் பிடித்துக்கொண்டது. திமிறினான். கால் வரவில்லை.

வண்டியின் முனையைத் தடவித் திரும்பி, அந்தச் சிவப்பு முகம் தவழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் வாடா" என்றாள் அம்மா. "நேரா வா. இன்னும் கொஞ்சம். கொஞ்சம் இடது பக்கம். என் கையில பட்டுடாதே. ஆங்... அங்கேதான்."