காணாமல் போன காந்தள்

காலை 8.00.

"காணோம்! என் செங்காந்தளைக் காணோம்!"

பெரியண்ணன் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள்கூட இடத்தைக் காலி செய்தன. கொலை, கொள்ளை பார்த்து அலுத்துப்போய் லீவில் வந்திருந்த இன்ஸ்பெக்டர் தங்கை, காபி டம்ளரோடு தோட்டத்துக்கு ஓடினாள். விதி யாரை விட்டது!

நூறு வருடப் பழைய புகைப்படம் ஒன்றில் இந்த வீட்டுத் தோட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து பெரியண்ணனுக்குப் பித்துப் பிடித்திருந்தது. சீமை ரோஜாக்களைப் பிடுங்கி எறிந்தார். படத்தில் இருந்த நாட்டுச் செடிகளைத் தேடித் தேடி நட்டார். மழைக்காலத்தில் செங்காந்தள் முதல்முறையாகப் பூத்தபோது ஊருக்கெல்லாம் படம் அனுப்பினார். பிறகு மகள் வீட்டுக்குப் போனவர், சில மாதம் கழித்து நேற்றுத்தான் திரும்பினார்.

"திருடினவன் அவன்தான்!" கையிலிருந்த காய்ந்த குச்சியால் சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னண்ணன் வீடு. நடுவில் ஒரு சின்ன வாசல். இரண்டு வீட்டுப் பாத்திரங்களும் சண்டைகளும் அதன் வழியாகத்தான் போய்வரும்.

"பத்து மணிக்குள்ள செடி வரலைன்னா வாசலை அடைச்சிடுவேன்."

கொத்தனார் ஏற்கெனவே வந்து செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வாசலை அடைத்துவிட்டால் இரண்டு பேரும் சாகிறவரை பேசிக்கொள்ள மாட்டார்கள். ரோஷத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

8.40. சின்னண்ணன் வந்தார். கையில் மண்வெட்டி, அதில் ஈர மண்.

"இது என்ன மண்ணு?" தங்கை விசாரணையைத் தொடங்கினாள்.

"ரோஜாவுக்குக் குழி வெட்டினேன். அண்ணன் தூக்கி எறிஞ்ச ரோஜா. பாவமா இருந்துச்சு, தொட்டியில வச்சிருந்தேன்."

"காந்தளைப் பத்தி அண்ணன்கிட்ட என்ன சொன்னே?"

"அதுக்கு வேலி போடணும்னாரு. 'களைக்கு வேலி வேறயா?'ன்னு கேட்டேன். கேட்டது குத்தமா?"

"பார்த்தியா, வாயாலேயே மாட்டிக்கிறான்!" பெரியண்ணன் குச்சியை வீசி ஆட்டினார். அதில் ஒட்டியிருந்த காய்ந்த இலையின் சுருண்ட நுனி, தங்கையின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. அவள் மெல்ல விடுவித்தாள்.

பெரியண்ணனோடு ஊரிலிருந்து திரும்பியிருந்த அவர் மனைவியிடம் கேட்டாள். "அண்ணி, நேத்து தோட்டத்துப் பக்கம் யார் போனாங்க?"

"உங்க அண்ணன்தான். வந்ததும் வராததுமா குப்பை பொறுக்கினாரு."

தங்கை காந்தள் இருந்த இடத்தில் குனிந்து தட்டிப் பார்த்தாள். மண் இறுகிக் கிடந்தது.

9.30. எல்லோரையும் அழைத்தாள்.

"இங்க திருட்டே நடக்கல. செடி திருடறவன் வேரோட தோண்டுவான். இங்க மண்ணு அசையவே இல்ல."

"அப்போ செடி எங்கே?"

"கிழங்கு மண்ணுக்குள்ள தூங்குது. மழையில முளைச்சு, பூத்து, வெயில் வந்தா மேல இருக்கற கொடி காய்ஞ்சிடும். மறு மழைக்குத் திரும்ப வரும். நீ பூத்ததைப் பார்த்தே, காய்ஞ்சதைப் பார்க்கல."

"காய்ஞ்ச கொடியை எடுத்தது யாரு?"

"குற்றவாளி அதைக் காலையிலேர்ந்து கையிலேயே வச்சிருக்காரு."

பெரியண்ணன் காது குடையக் கொண்டுபோன குச்சி பாதி வழியில் நின்றது.

"அந்த இலை நுனியைப் பாரு. இந்தத் தோட்டத்துல காந்தளுக்கு மட்டும்தான் இலை நுனியே சுருண்டு பிடிச்சுக்கும். என் துப்பட்டாவைப் பிடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. காதுல விடாதே, விஷம். கையைக் கழுவு."

ஒரு விஷ வழக்கில் காந்தளோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியவள் அவள்.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைதான்!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரியண்ணன் கையைக் கழுவினார். தேவைக்கு அதிகமாகவே கழுவினார். பிறகு தம்பியைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த ரோஜா... பிழைச்சுக்கிச்சா?"

"மொட்டு விட்டிருக்கு. வந்து பாரு."

தங்கைக்குக் கண் கலங்கியது. ஆறிப்போன காபியைக் குடித்துச் சமாளித்தாள்.

"ஐயா, செங்கல்லை என்ன பண்றது?" என்றார் கொத்தனார்.

யாரும் கால் வைத்துவிடாதபடி, கிழங்கு தூங்கும் இடத்தைச் சுற்றி அடுக்கச் சொன்னாள் தங்கை. அண்ணன் கல்லை எடுத்துக் கொடுக்க, தம்பி வைத்தார்.

"கடைசியில களைக்கு வேலி போட்டாச்சு" என்றார் சின்னண்ணன்.

பெரியண்ணன் முறைத்தார். முறைத்துக்கொண்டே அடுத்த கல்லை நீட்டினார்.