வெள்ளைப் பாறையில் இரண்டு தோட்டாக்கள்

ரோல்ஃப் குப்புறக் கிடந்தான்.

எழுநூறு மீட்டர் இலக்குப் பலகைக்குக் கீழே. முதுகில் ஒரே ஒரு ஓட்டை.

நார்வேயில், வால்ட்ரஸ் பள்ளத்தாக்கின் துப்பாக்கி கிளப்புக்குத் தலைவன் அவன். ஞாயிறு போட்டிக்காகப் பலகையில் தாள் ஒட்டப் போனவன்... திரும்பவில்லை.

தோட்டா ஐவினுடைய ரைஃபிளிலிருந்து வந்தது. ஐவின், புதிதாகச் சேர்ந்த பணக்காரன். ரைஃபிள் கிளப் அலமாரியில்தான் இருந்தது. அலமாரிச் சாவி எல்லா உறுப்பினர்களிடமும் உண்டு. இருந்தும் கம்பிக்குப் பின்னால் போனது ஐவின்தான்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் இங்குன், ஹால்வரின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாள். சீருடை இல்லை.

ஹால்வர் பழைய சாம்பியன். போன மாதம்தான் ரோல்ஃப் அவனை அணியிலிருந்து தூக்கிவிட்டு ஐவினைச் சேர்த்திருந்தான்.

"தூரத்து இலக்குக்கு ஒரு ரைஃபிள் வேணும். ஐவின் வெச்சிருந்தானே, அதே மாதிரி."

ஹால்வர் காபியை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அது ரைஃபிள் இல்ல மேடம், நகை. கழுத்துல மாட்டிக்கலாம்."

பிறகு பாடம் எடுத்தான். பேருக்குக் காசைக் கொட்டாதே. தடித்த குழல், தெளிவான ஸ்கோப், கன்னம் தானாகப் போய் உட்காருகிற கட்டை... இது போதும். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பழகு.

"முக்கியமா ட்ரிக்கர். மூச்சுக் காத்து பட்டா விழணும். அவ்ளோ லேசா இருக்கணும்."

அவள் பாயில் படுத்து ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்தாள். தூண்டில் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாயே என்று அதற்கும் ஒரு நக்கல்.

"ஐவினை விட நான் தேவலாம்" என்றாள் இங்குன். "மூணு சுட்டதுல ரெண்டு தவறிப் போச்சு. மூணாவது குருட்டு அதிர்ஷ்டம்."

காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"குருட்டு அதிர்ஷ்டமா?"

"பின்ன? சுட்டது யாரா இருந்தாலும் கத்துக்குட்டிதான்."

"தெரியாததப் பேசாதீங்க மேடம். அந்தத் தண்டம் குழலைக் கழுவிக் கழுவி வெச்சிருப்பான். கழுவின குழல்ல முதல் தோட்டா சொன்ன பேச்சு கேக்காது. உள்ள கொஞ்சம் கரி படியணும். அதுக்காக வேணும்னே சுட்டதுதான் அந்த ரெண்டும். ரோல்ஃப் அங்க வர்றதுக்கு முன்னாடியே. போய் இலக்குப் பலகைக்குப் பக்கத்துல இருக்கற அந்த வெள்ளைப் பாறையைப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல உள்ளங்கை அகலம்கூட இல்ல. கழுவின குழல்லயே அந்த நெருக்கம்... அதப் போய் தவறினதுங்கறீங்களா?"



இங்குன் மெல்ல எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"பாறையா? பிணம் கிடைச்சதுலேர்ந்து அந்தப் பக்கம் போலீஸ் தவிர யாரும் போகல ஹால்வர். ரெண்டு தவறிப் போச்சுன்னுதான் சொன்னேன்; அது எங்க பட்டுச்சுன்னு நாங்க வெளியில மூச்சு விடல. ஐவின்கிட்ட கேட்டோம்... கழுவின குழல்ல முதல் தோட்டா விலகும்னே அவனுக்குத் தெரியல."

ஹால்வரின் முகம் தாளாய் வெளுத்தது. கதவுக்கு வெளியே இரண்டு சீருடைகள் தெரிந்தன.

"அந்த முட்டாளுக்கு இவ்ளோ நல்ல ஷாட்டை விட்டுக் குடுக்க முடியல" என்றான் கரகரப்பாக.

"தெரியும். ஐவின் இன்னிக்கு சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவான்."

விலங்கை மாட்டினாள்.

"ட்ரிக்கர் பத்தி சொன்னது ரொம்ப சரி ஹால்வர். ஆனா துப்பாக்கிக்குத்தான் அது லேசா இருக்கணும்... வாய்க்கு இல்ல."