தாமதம் இல்லாத அழைப்பு

ஆங்கிலத்தில் "ஹலோ, கேட்கிறதா?" என்று இமெல்டா கேட்டு வாயை மூடுவதற்குள், தமிழில் "ஓம் அக்கா, கேக்குது" என்று பதில் வந்துவிட்டது. செயற்கைக்கோள் வழியே பேசும் செய்மதித் தொலைபேசியில் அப்படி உடனே வராது. நடுக்கடலில் தத்தளிப்பவர்களின் குரல் வந்துசேர ஒன்றிரண்டு நொடி பிடிக்கும். மூன்று வருடமாக, படகில் வரும் அகதிகளுக்கான இந்த உதவி எண்ணில் தொண்டராக இருப்பவள், அந்த இடைவெளியில் ஒரு மிடறு தேநீர் குடிக்கவே பழகியிருந்தாள். இன்று கோப்பையைத் தொடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. ஜெர்மன் நகரமான பீலெஃபெல்டில் காலையிலிருந்தே மழை. கணவன் சில்வெஸ்டர் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்குப் போய்விட்டான். குசினியில், அடுப்பை ஒட்டிய மேசையில் மடிக்கணினி, அதில் கடலின் வரைபடம், பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் எழுதிய தாள். உள்ளறையில் ஆறு வயது லிசா பார்க்கும் காட்டூனின் கீச்சுக்குரல்கள் மூடிய கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தன.

அந்தக் குரலை இமெல்டாவுக்குத் தெரியும். அஞ்சலா, மன்னார்க்காரி. வியாழக்கிழமை அழைத்திருந்தாள்: ரப்பர் படகில் முப்பத்தெட்டுப் பேர், தண்ணீர் ஏறுகிறது, குழந்தை ஒன்றே ஒன்று, அது அவளுடைய மகள். இந்தத் தொண்டர்களிடம் கப்பல் கிடையாது. கரையோரக் காவற்படைக்குச் சொல்லலாம், திரும்பத் திரும்பக் கெஞ்சலாம், அவ்வளவுதான். அதனால் "வருகிறார்கள்" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது என்பதே முதல் பாடம். ஆனால் தமிழைக் கேட்டதும் இமெல்டாவின் வாய் சும்மா இருந்தால்தானே! "பயப்பிடாதேங்கோ, வருகினம். பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அசையாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டாள். யாரும் போகவில்லை. கவிழ்ந்த படகை மட்டும் வெள்ளிக்கிழமை ஒரு தேடல் விமானத்திலிருந்து கண்டார்களாம் என்று, கூட வேலை செய்யும் யூலியா சொன்னாள். தான் கொடுத்த வாக்கை இமெல்டா யூலியாவிடமும் சொல்லவில்லை, சில்வெஸ்டரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். தப்பிவிட்டார்கள்!

"அஞ்சலா! எத்தினை பேர் இருக்கிறீங்கள்?"

"முப்பத்தேழு."

"மகள்?"

"அலை அடிச்சது. கை நழுவிப் போச்சுது அக்கா. நீங்கள் வருகினம் எண்டு சொன்னனீங்கள்."

இமெல்டா தாளைப் பார்த்தாள். அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்தாள்.

"இல்லை, இப்ப தண்ணி வரேல்லை" என்றாள் அஞ்சலா.

தாளில் அதுதான் இருந்தது. படகுக்குள் தண்ணீர் வருகிறதா? பழக்க தோஷத்தில் அதைக் கேட்டும்விட்டாள். சொன்ன பதிலை யார் திரும்பச் சொல்வார்கள்?

"ஒருத்தருக்கும் காயமில்லை."

தாளில் அதற்கடுத்த கேள்விக்கு, கேட்காமலே பதில். குசினிக்குள் பெற்றோல் மணத்தது. பெற்றோலும் உப்புத்தண்ணீரும் கலந்து, நாட்கணக்கில் துணியில் ஊறிய மணம். ஜன்னல்கள் பூட்டித்தான் இருந்தன.

"இல்லை அக்கா, நான் கூப்பிடேல்லை. தானாத்தான் வந்தவ."

இது தாளில் இல்லை.

"ஓம். என்ரை மடியிலைதான் இருக்கிறா. குளிருதாம்."

எந்தக் கேள்விக்கு இது பதில்? இமெல்டாவுக்கு அறிய விருப்பமில்லை. உள்ளே காட்டூன் சிரித்தது. அதனோடு சேர்ந்து சிரிக்கும் குரல் இல்லை. எப்போது நின்றது?

"லிசா!"

காதில் மாட்டிய கருவியோடே ஓடினாள். நடையின் தரை ஈரம். கதவைத் திறந்தாள். காட்டூன் தனியே ஓடிக்கொண்டிருந்தது. மெத்தையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். அலுமாரியைத் திறந்தாள். குளியலறை. வெளிக்கதவு. உள்ளே பூட்டியபடியே.

காதில் இப்போது இரண்டு மூச்சுகள். ஒன்று சின்னது. பற்கள் கிடுகிடுக்கும் சத்தம்.

கேட்கக் கூடாது. கேள்வி இல்லாவிட்டால் பதிலும் இல்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். பொத்தியும் வந்துவிட்டது.

"என்ரை பிள்ளை உங்களிட்டையோ?"

அந்தப் பதிலைத்தான் அஞ்சலா முன்பே சொல்லிவிட்டாளே, மடியில் இருக்கிறாள் என்று. இப்போது வேறு யாரையோ, குழந்தையைத் தேற்றுவதுபோலத் தேற்றினாள்.

"ஓம் குஞ்சு, அம்மா இஞ்சைதான் இருக்கிறன்."

ஒரு நொடி. இரண்டு நொடி.

பிறகு, வெகு தூரத்திலிருந்து, லிசாவின் குரல்.

"அம்மா?"