அண்ணாவுக்குப் படைத்த சோறு

வாழையிலையை மூடியிருந்த சுளகு கௌசலா வைத்தபடியேதான் இருந்தது. தூக்கிப் பார்த்தபோது சோற்றின் ஒரு பக்கத்தில் நாலு விரல்கள் இழுத்த தடம் கிடந்தது. பூனை என்றுதான் முதலில் நினைத்தாள். பூனை தின்றுவிட்டுத் திரும்ப மூடியும் வைக்குமா என்ற கேள்வி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அறைக் கதவை வெளியே இருந்து சாத்தியவள் அவள். சாத்திவிட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு அரை மணித்தியாலம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தவளும் அவள். யன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது.

ஓமந்தையில் இருந்து ஏழு மைல் உள்ளே, குளக்கட்டு ஓரமாகத் தனித்து நிற்கும் வீடு அது. பத்து நாள் தங்கி எழுத ஆறு பேர் வந்திருந்தார்கள். நடத்துகிறவர் சிவகரன். காலையிலேயே எல்லாருடைய போன்களையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் திரும்பக் கிடைக்கும். நேற்று கௌசலாவின் நாவலில் கடைசி அத்தியாயத்தை வாசித்துவிட்டு முகத்தைச் சுழித்தார்.

"எட்டுச்செலவுச் சாப்பாட்டை எழுதியிருக்கிறீங்கள், மணத்தைக் காணேல்லையே. மணந்து பாக்காததை எழுதாதேங்கோ."

அது அவளைச் சுட்டது. செத்தவருக்குப் பிடித்த மீன், இறைச்சி என்று மச்சமெல்லாம் சமைத்து, எட்டாம் நாள் அறைக்குள் இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்தும் அந்த எட்டுச்செலவுச் சடங்கு அவள் வீட்டில் நடந்ததேயில்லை. அண்ணா பிரதீபன் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் காணாமல் போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. பளையில் தனியே இருக்கும் அம்மா இன்றைக்கும் முதல் அகப்பைச் சோற்றை அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில்தான் போடுவாள். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களைப் படலைக்கு வெளியிலேயே நிற்பாட்டித் திட்டித் துரத்தினாள். கௌசலா நாவல் எழுதப் போகிறேன் என்றபோது கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

"எதையும் எழுது பிள்ளை. அவனை மட்டும் சாக்காட்டிப் போடாதை."

கௌசலா சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் அவனைச் சாகடித்தாள். வேறு முடிவு எதுவும் அவளுக்கு வாய்க்கவில்லை. இப்போது அதற்கு மணம் வேறு வேண்டியிருந்தது.

காலையில் குசினிக்குப் போய், சமைக்கிற பத்மாசனி அக்காவிடம் அண்ணாவுக்குப் பிடித்த கணவாய்க் கறி கேட்டாள். இலையும் சுளகும் கேட்டபோது அக்கா அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆருக்குப் பிள்ளை படைக்கப் போறீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லையக்கா. எழுதுறதுக்குத்தான்."

"சோறும் மச்சமும் வைச்சுக் கதவைச் சாத்தினால் அது ஆருக்கோதான். காணாமப் போன ஆக்களை மட்டும் நினைச்சுக்கொண்டு வையாதேங்கோ. என்ர மனுசனும் அப்பிடிப் போனவர்தான். நாங்கள் ஒருநாளும் வைக்கிறேல்லை."

"அப்பிடி ஒண்டுமில்லையக்கா" என்றாள் கௌசலா, கண்ணைப் பார்க்காமல். மத்தியானம் மற்றவர்கள் குளத்தடிக்குப் போன பிறகு அறைக்குள் இலையைப் போட்டாள். சோற்றின் மேல் கணவாயை வைத்து, "அண்ணா, வந்து சாப்பிடு" என்று சத்தமாகவே சொன்னாள். அத்தியாயத்தில் அந்த வரி இருந்தது.

இப்போது வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, ஓட்டு இடுக்கால் இறங்கிய வெளிச்சத்தில் இலையின் மறு ஓரம் மெல்ல மெல்லத் தெரிந்தது. அங்கே அவள் வைக்காத உருண்டை ஒன்று, சோறும் கணவாயும் சேர்ந்து களியாகி, வாயில் இருந்து வடிந்த வீணீர் நுரைத்து ஊறி, ஈ ஒன்று காலைப் பிடுங்க முடியாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. சுவரோரமாக மூன்று. சப்பித் துப்பியவை. சப்பியவை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒன்றிலும் பல் பட்ட அடையாளம் இல்லை. கைக்குழந்தை கக்கியதைப் போல, சூப்பி நசித்து, விழுங்க முடியாமல் வெளியே தள்ளியவை. மணம் பிறகுதான் ஏறியது. ஈரச் சாக்கு மணம். அதற்குள் அழுகிய மீன். அதற்கும் உள்ளே, வாயைக் கழுவாமல் கனகாலம் மூடி வைத்திருந்தவரின் மூச்சு. உருண்டைகளில் வெள்ளையாக ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்தாள். கடற்கரை மணல். இந்தக் குளத்தடியில் எங்கிருந்து கடற்கரை மணல்?

ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் அவளுடைய கை, நாசமாய்ப் போன கை, கொப்பியைத்தான் தேடியது. "ஈரச் சாக்கு" என்று எழுதினாள். "வீணீர்" என்று எழுதினாள். நல்லாய் இருக்கிறது என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்புத்தான் அவளை ஓங்காளித்துச் சத்தியெடுக்க வைத்தது.

குனிந்தபடி இருந்தபோது முதுகுக்குப் பின்னால் சத்தம். நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடும் சத்தம். ஒருமுறை. பிறகு தொண்டையில் எதுவோ ஏறி, இறங்காமல் நிற்கும் சத்தம்.

திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிடரியில் ஈரமான மூச்சுப் பட்டது. நின்றது. விலகியது.

கண்ணைத் திறந்தபோது, அவள் உள்ளே வந்து சாத்தியிருந்த கதவு அகலத் திறந்து கிடந்தது. வாசலில் மணல்.

குசினிக்கு ஓடினாள். அத்தியாயத்தைக் கிழித்து அடுப்புக்குள் திணித்தாள். எல்லாத் தாளும். சத்தியத்தை மீறியது இந்தத் தாளில்தானே, எரிந்தால் சரி. எரிந்தது. பத்மாசனி அக்கா கிட்ட வந்தாள். கௌசலாவின் உடுப்பை மணந்து பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

ஐந்து மணிக்குப் போன் கைக்கு வந்தது. அம்மா பதினொரு தரம் எடுத்திருந்தாள். வீடியோவில் எடுத்ததும் பளை வீட்டுக் குசினி தெரிந்தது. போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு அம்மா நிலத்தில் இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருசமாக அந்தச் சிரிப்பைக் கௌசலா பார்த்ததில்லை.

"எங்க போனனீ? கொண்ணன் வந்திட்டான் பிள்ளை!"

"ஆர்?"

"கொண்ணனடி! வந்து பத்து நிமிசமும் இல்லை. சரியான பசி. எங்கயோ சாப்பிட இருந்திருக்கிறான், ஒண்டும் இறங்கேல்லைப் போல. வாயெல்லாம் கணவாய் மணக்குது."

கௌசலா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"பாவம், என்ன செய்தாங்களோ. ஒரு பல்லும் இல்லை. நாடி எலும்பில பாதியும் இல்லை. நான்தான் சப்பிச் சப்பிக் குடுக்கிறன்."

"அம்மா, எழும்புங்கோ. வெளியில ஓடுங்கோ. நான்தான்... நான்தான் அவனைக் கூப்பிட்டனான்."

"விசரி! வந்த பிள்ளையை விட்டிட்டு எங்க ஓடுறது?"

அம்மா கோப்பையில் இருந்து ஒரு கவளத்தை எடுத்து வாய்க்குள் போட்டாள். கன்னம் உப்பச் சப்பினாள். களியை உள்ளங்கையில் துப்பினாள். வீணீர் நூலாக இழுபட்டது. கையைத் திரையின் ஓரத்துக்கு நீட்டினாள்.

"ஆ காட்டு ராசா."

ஓரத்தில் இருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது. திறந்தது. மணல் கொட்டியது.

உருண்டையோடு அம்மாவின் விரல்களும் உள்ளே போயின. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு. அம்மா கையை இழுக்கவில்லை. மற்றக் கையால் அடுத்த கவளத்தை எடுத்துத் தன் வாய்க்குள் வைத்துச் சப்பத் தொடங்கினாள்.