மெழுகிய தரை

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது. மார்கழி மாதத்து வன்னி மழைக்கு வெட்கம் கிடையாது. விருந்தாளி என்றும் பாராமல் நனைக்கும். அறுபத்தோராம் ஆண்டு அது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்து பிறப்புக்கு, வீடு ஒழுங்குபடுத்த வரச்சொல்லி அண்ணன் மனுவேற்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார். அவர் மனைவி பிலோமினா, என் மச்சாள், அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். முதற்பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய நேர்த்தியும்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே, வாய்க்காலோரத்தில் வீடு. முன்பு அங்கே ஏரம்பு என்றொருவர் குடும்பத்தோடு இருந்து, திடீரென்று காணியைக் கைமாற்றிவிட்டு யாழ்ப்பாணம் திரும்பியிருந்தார். கடற்கரைச் சனமான எங்களுக்கு வயற்காணி கிடைத்ததே பெரிய காரியம். ஏன் போனார் என்று யார் கேட்டது?

மண்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"பாலன் பிறக்கிற வீட்டிலை தரை இப்பிடியோ கிடக்கிறது?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"வளவுக்குப் பின்னாலை ஒரு புத்துக் கிடக்கு. நல்ல மண். ஆரோ முள்ளுப் போட்டு மூடியிருக்கினம். ஆடு ஏறாமலாக்கும்."

முள்ளை இழுத்தெறிந்துவிட்டு, மேட்டை மட்டமாகக் கொத்திக் கடகம் கடகமாகக் கொண்டுவந்து கொட்டினார். நான் சாணியோடு சேர்த்துக் குழைத்தேன். கைக்கு இதமான மண். அதில் ஒரு கரையானைக்கூடக் காணவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூலையில் பலகை போட்டுப் பாலன் குடிலைக் கட்டியிருந்தோம். வைக்கோற் கூரை, வெள்ளித்தாள் நட்சத்திரம், நடுவில் சின்னத் தீவனத்தொட்டி. தொட்டி வெறுமையாகத்தான் இருந்தது. பாலன் யேசுவின் சுரூபத்தை நடுச்சாமப் பூசை முடிந்த பிறகே வைப்பது எங்கள் வழக்கம். அதுவரை அது அலுமாரிக்குள். குடிலடியிலிருந்து வாசல்வரை பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து மெழுகி முடித்து, கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போனேன். மூவரும் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தோம்.

பின்னேரம் கதவைத் திறந்தேன். சாணி வாசத்துக்கு மேலால் வேறொரு வாசம். கைக்குழந்தையின் கழுத்தடியில் புளித்த பால் மணக்குமே, அது.

தரையில் தடம்.

சின்ன உள்ளங்கை. அதற்குப் பின்னால் முழங்கால் இழுபட்ட கோடு. மறுபடி உள்ளங்கை.

பூனை என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். பூனைக்குப் பெருவிரல் ஏது?

தடம் வாசலிலிருந்து வரவில்லை. நடு அறையில், ஈர மண்ணுக்குள்ளிருந்தே எழுந்ததுபோலத் தொடங்கிக் குடிலுக்குப் போயிருந்தது. தீவனத்தொட்டியில் வைக்கோல் அமுங்கிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

மச்சாள் காணுமுன் எல்லாவற்றையும் அழித்து மெழுகினேன். மழை ஈரத்தில் தரை காயவேயில்லை. மறுநாள் காலை தடம் குடிலிலிருந்து புறப்பட்டு மச்சாளின் பாயடிக்குப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

அடுத்த காணிக்காரி கமலாசனியிடம் ஓடினேன். நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டார்.

"புத்தோ? எந்தப் புத்து, பிள்ளை? முள்ளுப் போட்டிருந்ததோ?"

"ஓம்."

"ஐயோ. நாங்கள் பச்சைப் பிள்ளையளை எரிக்கிறேல்லை. மண்ணுக்குள்ளை தாழ்க்கிறதுதான். நரி கிண்டாமல் மேலை முள்ளுப் போடுறது. அது ஏரம்பற்றை பெட்டை. தவழத் தொடங்கின நேரம் காய்ச்சலிலை செத்துப்போச்சு."

எங்கள் ஆட்கள் செத்தால் சேமக்காலைக்குப் போவார்கள், சிலுவை நிற்கும். சிலுவையில்லாத மேடு எங்களுக்குப் புற்று.

நான் வந்து சொன்னதும் அண்ணன் அன்றே தரையைச் சுரண்டத் தொடங்கினார். மண்ணை அள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கியபோது மச்சாள் கதவுநிலையைப் பிடித்தபடி நின்றார்.

"இந்த மழைக்குள்ளயோ கொண்டுபோய் விடப்போறியள்?"

"என்ன கதை கதைக்கிறாய்? உன்ரை வயித்துப் பிள்ளையை நினை!"

அவர் போனதும் மச்சாள் என் காதருகே குனிந்தார்.

"ராத்திரி என்ரை முதுகோடைதான் படுத்தது, றெஜீனா. அது ஒண்டும் செய்யாது. அதுக்குக் குளிர்."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மேட்டைப் பழையபடி கட்டி முள்ளுப் போட்டோம். கமலாசனி வந்து பால் வார்த்தார். நாங்கள் செபமாலை சொன்னோம். வாய்க்கால் வரம்பில் வேறு மண் வெட்டி மெழுகியதும் தரை தரையாகவே இருந்தது. நத்தார் கழிந்து பெண்பிள்ளை பிறந்தது, நல்ல சுகம். அண்ணன் கதவடியில் இருந்து குழந்தைபோல அழுதார். நானும்தான்.

அடுத்த மார்கழிக்கும் நானே மெழுக வந்தேன். வரம்பு மண்தான். குடிலை இந்த முறை மச்சாள் தானே கட்டியிருந்தார். பிள்ளை கூரை வளையில் தொங்கிய துணி ஏணையில் நித்திரை. அதைக் குழப்பாமல் ஏணைக்குக் கீழேயும் மெழுகி, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

குசினியில் மா பிசையும்போது ஏணைக் கயிறு கிரீச்சிட்டது.

"பிள்ளை எழும்பிட்டுதாக்கும்," என்றேன்.

மச்சாள் தலையை நிமிர்த்தவில்லை. "இல்லை. அது ஆட்டுது."

"எது?"

"அந்த மேட்டு மண்ணிலை ஒரு சிரட்டைதான் எடுத்து வச்சனான். குடிலுக்குக் கீழை. மழைபடாமல்."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பால் வாசம் முகத்தில் அடித்தது.

தடம் குடிலிலிருந்து புறப்பட்டிருந்தது. இம்முறை உள்ளங்கையும் இல்லை, முழங்காலும் இல்லை. சின்னப் பாதங்கள். ஒரு வயது வளர்ந்து, நடை பழகிய பாதங்கள்.

அவை ஏணைக்கு நேர்கீழே போய் நின்றிருந்தன. அங்கே குதிக்கால் பதியவில்லை. விரல்நுனிகள் மட்டும் ஈரத்தில் ஆழப் புதைந்திருந்தன, உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு.

நான் பார்த்துக்கொண்டிருக்க, ஏணை மெல்ல ஆடியது. உள்ளே பிள்ளை யாரையோ பார்த்துச் சிரித்தது.