எழுபது கிலோ பொம்மை

காலை 11.40. கருமத்தம்பட்டிக்கு வெளியே ஒரு சாயப்பட்டறை. கழிவுத் தொட்டியருகே ராசப்பனைக் கிடத்தியிருந்தார்கள். உடம்பெல்லாம் நீலச் சேறு. தொட்டிக்குள்ளே விஷவாயு.

இன்ஸ்பெக்டர் சண்முகப்பிரியா குனிந்து பார்த்து நிமிர்ந்தார். எதிரில் ராசப்பனின் மனைவி மாசாணியம்மாள். அதே பட்டறையில் துணி மடிக்கிறவள்.

"ஏனுங்க அம்மணி, அவரா எறங்கிச் செத்தாருன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க. யாரும் சொல்லாம எறங்கற ஆளில்லீங்க."

சூப்பர்வைசர் கதிரோ, ராசப்பன் தானாகவே இறங்கிவிட்டார் என்றுதான் சொல்லியிருந்தான். சண்முகப்பிரியா அவன் பக்கம் திரும்பினார்.

"பத்தே காலுக்கு நீங்க தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தீங்களாம். பாய்லர்கார அப்துல் முத்தலிப் சொல்றார்."

"பார்த்தனுங்க மேடம். இன்னைக்கு மீட்புப் பயிற்சி. பத்து மணிக்கே பொம்மையை எறக்கியிருந்தேன். ஆளு கிடக்கற மாதிரி தெரிஞ்சுது, பொம்மைதானேன்னு போயிட்டேன். பத்தே முக்காலுக்கு அதைத் தூக்கறப்பத்தான் இவரு கிடந்தது தெரிஞ்சுதுங்க."

"எறக்கினதை யார் பார்த்தா?"

"நான் ஒருத்தன்தானுங்க. கப்பி இருக்குது, ஒருத்தனே கயித்துல எறக்கிடலாம்."

"பொம்மை இப்ப எங்கே?"

"ஒரே சேறுங்க. ஹோஸ் வெச்சுத் தலையோட கால் அடிச்சு ரூம்ல வெச்சிருக்கேன்."

12.05. ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள்தான். பாய்லர், மோட்டார், கப்பி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. அறை மூலையில் பொம்மை சாய்ந்திருந்தது. ஆள் எடை, எழுபது கிலோ. உடுப்பில் ஈரம் சொட்டியது. சண்முகப்பிரியா அதன் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"கதிர், பொம்மை தொட்டிக்குள்ள எறங்கவே இல்லை."

"ஈரத்தைப் பாருங்க மேடம்."

"நெத்தியைப் பாருங்க."

சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவே குங்குமம் கலையாமல் இருந்தது.

"சேத்துல கிடந்து, ஹோஸ்ல அடிச்சும் இது நிக்குமா? உடுப்பை மட்டும் நனைச்சிருக்கீங்க. மூணு நாளா எல்லாத்துலயும் பொட்டு. உங்க கண்ணுக்கு இது தெரியாமப் போச்சு. பத்தே காலுக்கு நீங்க பார்த்தது ராசப்பனை."

கதிர் சுவரோடு உட்கார்ந்துவிட்டான்.

"வாயு இருக்குதான்னு பார்க்காம நாந்தானுங்க அவரை எறக்கிப்போட்டேன். பயந்துட்டேன். வாயு பார்த்த மாதிரி ஃபாரம் எழுதி வெச்சுட்டு வந்து தூக்கலாம்னு..."

"அரை மணி நேரம்."



சண்முகப்பிரியா வெளியே வந்து, மாசாணியம்மாள் காதில் விழும்படி ஏட்டிடம் சொன்னார்: "அவரா எறங்கலை. எறக்கியிருக்காங்க. அப்படியே எழுதுங்க."

மாசாணியம்மாள் அறைக்குள் போய்ப் பொம்மையின் முன்னே நின்றாள்.

"பூசையன்னிக்கு நாந்தானுங்க இதுக்குப் பொட்டு வெச்சேன். அவருக்குப் பதிலா இது எறங்கட்டும்னு."